ஒட்டகம் என்று சொன்னது யார்?

ரத்னா டீச்சருக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று அரசாங்கம் இரண்டு முறை எழுத்தில் சொல்லியிருந்தது. அந்த இரண்டு காகிதங்களையும் அவருடைய மூன்றாம் வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் கொடுத்திருந்தாலும் தட்டுத் தடுமாறாமல் படித்துக் காட்டியிருக்கும். அப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், மயிலாப்பூரின் கிழக்கு ஓரத்தில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பு, ஒரு நீளத் தாழ்வாரம். ரத்னா குப்பத்தில் பிறந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியையாக அங்கே சேர்ந்தார். தற்காலிகம் பதினோரு வருடம் ஓடியது. 1971-இல் ஓர் உத்தரவு வந்தது. அடுத்த ஜூன் மாதத்துக்குள் பயிற்சிச் சான்றிதழ் வாங்காதவர்கள் வேலையில் தொடர முடியாது.

எழுத்துத் தேர்வுகளை ரத்னா முதல் தடவையே முடித்துவிட்டார். குழந்தை உளவியலில் எழுபத்தொரு மதிப்பெண். பாக்கி இருந்தது செய்முறைத் தேர்வு ஒன்றுதான். தேர்வாளர் பள்ளிக்கே வந்து உட்காருவார், அவர் முன்னால் நாற்பது நிமிடம் பாடம் நடத்த வேண்டும்.

அந்தத் தேர்வில் ஒரு விதி உண்டு. பாடத்தின் தலைப்பை ஆசிரியர் தன் வாயால் சொல்லக் கூடாது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, அதை மாணவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். வந்த பிறகுதான் கரும்பலகையில் எழுதலாம். எழுதிய பிறகுதான் பாடம் தொடங்கும்.

முதல் முறை ரத்னாவுக்கு வந்த தலைப்பு விமானம்.

"வானத்துல பறக்கிறது எது?" என்று கேட்டார்.

காக்கா, பட்டம், பருந்து, பஞ்சு, போன மழைக்கு எதிர் வீட்டுக் கூரை.

"மீனம்பாக்கத்துல கிளம்பி வானத்துல போகுமே?"

"எங்க மாமா பாத்தாரு டீச்சர்! டிக்கெட்டு வாங்கினு மொட்டை மாடி ஏறிப் பாத்தாரு!"

"என்னத்தைப் பார்த்தாரு?"

"அதுக்குள்ள மழை வந்துச்சாம் டீச்சர். வந்துட்டாரு."

நாற்பது நிமிடமும் மாமாவோடு போயிற்று.

இரண்டாம் முறை தேனீ. "தேன் எங்கே கிடைக்கும்?" என்றால் நாட்டு மருந்துக் கடை. "கடைக்கு அது எப்படி வந்தது?" என்றால் மீன்பாடி வண்டியில். முப்பதாவது நிமிடத்தில் ரத்னாவுக்குப் பொறுமை போய், "தேனீங்கடா, தேனீ!" என்று கத்திவிட்டார். தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தலைப்பை ஆசிரியையே கூறிவிட்டார்" என்று எழுதிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாய்ப்பு 1972 மார்ச்சில். இதிலும் தவறினால் ஜூனில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமை ஆசிரியை ஆரோக்கியமேரி ஒட்டிய உறையைப் பிரித்தார்.

"திங்கக்கிழமை உனக்கு ஒட்டகம், ரத்னா."

"கடலோரத்துப் பிள்ளைங்களுக்கு ஒட்டகமா டீச்சர்?"

"துணைக்கருவிக்குப் பத்து மார்க் இருக்கு. நல்லதா ஒண்ணு பண்ணி எடுத்துட்டு வா. வரப்போறவரு பேரு ஹபீபுர் ரஹ்மான். ரெண்டு வாரம் பாங்காக் போய் தாய்லாந்து பள்ளிக்கூடமெல்லாம் பார்த்துட்டு வந்திருக்காராம். இப்ப எதைப் பார்த்தாலும் பாங்காக்கோட வச்சு அளக்கிறாருன்னு பேசிக்கிறாங்க."

ரத்னாவின் கணவர் பொன்னுரங்கத்துக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் வேலை. மூங்கில் பிளாச்சு, சாக்குத் துணி, காகிதக் கூழ் மூன்றும் இருந்தால் எந்தச் சாமி சிலையையும் நான்கு நாளில் எழுப்பிவிடுவார். சின்னதாக மட்டும் அவருக்கு எதுவும் செய்ய வராது.

"மேஜை மேல நிக்கணும்யா. ஒண்ணரை அடி போதும்."

"ஒண்ணரை அடியா? அது இன்னா ஒட்டகமா, ஓணானா? கேமராவுல தெரியவே தெரியாது."

"இதுல கேமரா எங்கய்யா வந்துச்சு?"

"புச்சா செய்யணும்னா காயறதுக்கே மூணு நாளு ஆவும். பாட்டு சீனுக்குப் பண்ணது ஒண்ணு குடோன்ல சும்மா குந்திக்கினு கீது. திங்கக்கிழமை காலைல இட்டாறேன். சாயங்காலம் கொண்டுபோய் வச்சுடறேன். கவலைய வுடு."

ரத்னா கவலையை விட்டார். அளவைக் கேட்காமல் விட்டதுதான் பிசகு.

கால் முதல் தலை வரை அந்த ஒட்டகம் ஏழடி. திமிலருகே மூன்றடி அகலம். கழுத்தைத் தலையோடு தனியாகக் கழற்றி மாட்டலாம். துரைராஜ் என்கிற கூட்டாளியின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அதை ஏற்றி, பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி, கழற்றிய கழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை ஏழு மணிக்குக் கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறினார்கள். பாண்டி பஜாரில் கடை திறந்துகொண்டிருந்தவர்கள் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"இன்னா நைனா, உடம்பு சரியில்லையா அதுக்கு?"

"ஆமா, பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். வழிய வுடு."

லஸ் முனையில் தலை உருண்டு சாக்கடை வரைக்கும் போய் நின்றது. இனி இதைக் கையில் பிடித்துக்கொண்டு வர முடியாது என்று பொன்னுரங்கம் அங்கேயே கழுத்தை உடம்பில் மாட்டி முடுக்கினார். அதன் பிறகு விரிப்பு எட்டவில்லை. நிமிர்ந்த தலையோடு, நீண்ட இமைகளோடு, போகிற பஸ்ஸை எல்லாம் ஏளனமாகப் பார்த்துக்கொண்டு ஒட்டகம் கச்சேரி ரோட்டில் வந்தது. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முதலில் ஐந்தாறு பேர்தான். பள்ளி வாசலில் எண்ணிப் பார்த்தால் மூன்றாம் வகுப்பின் நாற்பத்திரண்டு பேரும் இருந்தார்கள்.

வகுப்பறைக் கதவு இரண்டே முக்கால் அடி. ஒட்டகம் நுழையவில்லை. பக்கவாட்டில், பின்பக்கமாக, சாய்த்து, எல்லாம் செய்து பார்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார்கள்.

ரத்னா வந்து ஒட்டகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"ஏன்யா, கதவு எம்மாம் அகலம்னு கேட்டிருக்கக் கூடாதா?"

"ஒட்டகம் எம்மாம் அகலம்னு நீ கேட்டியா?"

அதற்கு மேல் சண்டை போட நேரமில்லை. தலைப்பு ஊருக்கே தெரிந்துவிட்டது. தேர்வாளர் உள்ளே வரும்போதே நாற்பத்திரண்டு வாயும் அதைக் கத்தினால், முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று எழுதிவிடுவார். ரத்னா பிள்ளைகளை உட்காரவைத்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"வெளியில நிக்குதே, அது பேரை யாரும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் வாயே திறக்கக் கூடாது. சொன்னீங்கன்னா டீச்சருக்கு வேலை போயிடும்."

பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். முன் பெஞ்சுத் தங்கம் அப்போதே இரண்டு விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஹபீபுர் ரஹ்மான் வந்தார். தாழ்வாரத்தில் ஒட்டகத்தை ஒரு முறை சுற்றி வந்தார். அதன் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பொன்னுரங்கத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே வந்தார். நாற்காலியை மறுத்துவிட்டார்.

"பாங்காக்ல கடைசி பெஞ்சிலதான் உட்கார வச்சாங்க. அங்கேருந்து பார்த்தாதான் வகுப்பு தெரியுது" என்று, முழங்கால் நெஞ்சில் முட்ட, சர்தார் என்கிற பையன் பக்கத்தில் இடம் பிடித்தார்.

ரத்னா ஆரம்பித்தார். "பாரம் சுமக்கிற விலங்கெல்லாம் சொல்லுங்க."

கழுதை, மாடு, குதிரை. அதோடு நின்றது.

"பாலைவனத்துல பாரம் சுமக்கிறது எது?"

யாரும் பேசவில்லை.

"முதுகுல திமில் இருக்கும். உயரமா இருக்கும். எது?"

நாற்பத்திரண்டு ஜோடி உதடுகள் இறுகின. ஒருவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஒட்டகத்தின் தலை மெல்ல ஆடியது. அந்தப் பக்கம் பார்த்தால் வாய் தவறிவிடுமோ என்று முழு வகுப்பும் எதிர்ச் சுவரையே பார்த்தது.

"தங்கம், நீ சொல்லு."

தங்கம் எழுந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போதுதான் ரத்னாவுக்கு உறைத்தது. யார் கேட்டாலும் என்று சொன்னோமே, அந்த யாரில் நாமும் சேர்ந்துவிட்டோம். இப்போது, நான் கேட்டால் சொல்லலாம் என்று தேர்வாளர் முன்னால் சொல்லவும் வழியில்லை. பத்து நிமிடம் போயிருந்தது. ரத்னாவுக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. வந்தது சிரிப்பு. பாடக்குறிப்பு நோட்டை மூடி மேஜையில் வைத்தார்.

"சரி, பேரு வேணாம். அதோட காலைப் பார்த்தீங்கல்ல? ஏன் அவ்வளவு அகலமா இருக்கு?"

பெயரைச் சொல்லக் கூடாது என்றுதானே தடை. காலைப் பற்றிப் பேசத் தடையில்லையே. சர்தார் முதலில் எழுந்தான்.

"மணல்ல பொதையாம இருக்க டீச்சர்! குச்சியா இருந்தா உள்ள பூடும். கட்டுமரம் இழுக்கும்போது அடியில கட்டை போடுவோம்ல?"

"கண்ணு முடி ஏன் அவ்வளவு நீளம்?"

"மணல் காத்து அடிக்கும் டீச்சர்! எங்க ஊட்டுல சோத்துலயே மணல் கீது!"

"அது ஒரே தடவையில எத்தனையோ குடம் தண்ணி குடிக்குமாம். ஏன்?"

"வழியில கிடைக்காது டீச்சர். எங்கப்பா கடலுக்குப் போறப்ப ரெண்டு சொம்பு குடிச்சுட்டுதான் போவாரு. அது மேரிதான் அது!"

அது, அதுக்கு, அதோட என்று வகுப்பு கூரையைத் தூக்கியது. எவ்வளவு நேரம் உட்காராமல் நடக்கும், முள்ளைத் தின்றால் வாய் குத்தாதா, நம் பீச் மணலில் விட்டால் ஓடுமா என்று பிள்ளைகளே கேட்டார்கள். தெரிந்ததற்கு ரத்னா பதில் சொன்னார். தெரியாததைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினார். தலைப்பு எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

ஹபீபுர் ரஹ்மான் எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது.

"நான் ஒண்ணு கேட்கிறேன். அதோட திமில்ல என்ன இருக்கு?"

"தண்ணி சார்!" என்றது மொத்த வகுப்பும்.

"இல்லை!" என்று அவர் பெஞ்சைத் தட்டினார். "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. கொழுப்பு! ஒட்டகத்தோட திமில்ல இருக்கிறது கொழுப்பு!"

வகுப்பு மூச்சை உள்ளே இழுத்தது.

"டீச்சர்! சார் சொல்லிட்டாரு!"

"நாங்க இல்ல டீச்சர்! சாருதான்!"

சர்தார் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துவிட்டான். "இன்னா சார் நீ! டீச்சருக்கு வேலை பூடும்னு சொன்னாங்கல்ல? நாங்கல்லாம் கம்முனு இருந்தோம்ல?"

வெளியே ஒட்டகம் குலுங்கியது. பின்னால் பொன்னுரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்தார். கழுத்து கழன்று, தலை ஜன்னல் கம்பியில் வந்து இடித்து உள்ளே எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் யாராலும் தாங்க முடியவில்லை. ரத்னா சிரித்தார், தங்கம் உதட்டை விட்டுச் சிரித்தாள். ஹபீபுர் ரஹ்மான் சிரித்த சிரிப்பில் இரண்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் பாடத்தை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தன.

தலைமை ஆசிரியை அறையில் அவர் படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். "தலைப்பு யாரால் கூறப்பட்டது?" என்ற கட்டம் வந்தபோது கை நின்றது. ரத்னா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு கதவோரம் நின்றார்.

"ஆரோக்கியமேரி அம்மா, நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?"

"கடைசி பெஞ்சுல சார்."

"பெஞ்சு எதுக்குள்ள இருந்தது?"

"வகுப்புக்குள்ள சார்."

"உங்க வாயிலிருந்து வரவழைச்சிட்டேன் பார்த்தீங்களா?" என்றார். கட்டத்தில் "தலைப்பு வகுப்பிலிருந்து பெறப்பட்டது" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

பிறகு ரத்னாவைப் பார்த்து, "பாங்காக்ல ஒரு பள்ளிக்கூடத்துல எனக்கு மாதிரி வகுப்பு காட்டினாங்கம்மா. கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துச்சு. நாங்க எல்லாரும் கை தட்டினோம். அங்கே இத்தனை ஆசிரியர் தேர்வுல தேறினாங்கன்னு சுவர்ல பெரிசா எழுதி வச்சிருந்தாங்க. பிள்ளைங்க எத்தனை கேள்வி கேட்டாங்கன்னு எழுதலை. நம்ம படிவத்துலயும் அதுக்குக் கட்டம் இல்லை" என்றார். ஓரத்தில் பென்சிலால் பதினேழு என்று எழுதினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர் எண்ணிய கணக்கு.

மே மாதம் முடிவு வந்தது. அதன் பிறகு ரத்னா அதே பள்ளியில், அதே மூன்றாம் வகுப்பில் இருபத்தாறு வருடம் இருந்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்ன கணவரிடம், அளவு எடுக்க வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

தேர்வு நடந்த அன்றைக்குச் சாயங்காலம் ஒட்டகத்தைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். ஒரு காது போயிருந்தது, அதைப் பொன்னுரங்கம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாற்பத்திரண்டு பேரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. வழியில் போன ஒரு கிழவர், "இன்னா இது?" என்று கேட்டதற்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தங்கம் ரத்னாவின் கையை இழுத்தாள். "இப்ப சொல்லலாமா டீச்சர்?"

"சொல்லுங்க" என்றார் ரத்னா.

வண்டி லஸ் முனையைத் தாண்டிய பிறகும் துரைராஜுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.