காயில் சூடான காலை

எங்கள் பழைய மோட்டார் காரில், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்க முதலிலிருந்தே இருந்த காயில் செத்துப்போனபோது, அதே கம்பெனிச் சாமான் பெங்களூரில் எங்கும் கிடைக்கவில்லை. ஜே.சி. ரோடு கடையொன்றில் வேறு கம்பெனிக் காயிலை வாங்கி மாட்டினேன். "எஞ்சின் நின்ன உடனே சாவிய ஆஃப் பண்ணிடுங்க சார். சும்மா ஆன்ல இருந்தா காயில் சூடாகிப் பொசுங்கிடும்" என்றார் கடைக்காரர். அது எனக்கு வேதவாக்காகிவிட்டது. இது போனால் இன்னொன்று கிடைக்கும் என்று என்ன நிச்சயம்?

அன்று முதல் வீட்டில் என் தொல்லை தாங்கவில்லை. நாங்கள் குடியிருந்த காக்ஸ் டவுனில் மூடுபனி விலகாத காலைகளில், அந்தப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, ஈரம் போகத் துடைப்பேன். அதற்குள் இருக்கும் பாயிண்டில் படிந்த கரியை உப்புத்தாளால் மெல்ல எடுப்பேன். ரயில்வே கேட்டில் எஞ்சின் நின்றால் போதும், மறுநொடி சாவியைத் திருப்பிவிடுவேன். வேறு யாராவது சாவியைத் தொட்டால் எரிந்து விழுவேன்.

"அந்தக் காயிலுக்குச் சளி புடிச்சிடப் போகுது. ஒரு மஃப்ளர் பின்னிக் குடுக்கட்டுமா?" என்பாள் என் மனைவி. நன்றாகப் பின்னுவாள். பிறகு ஊசிமுனை தெரியாமல் போய், பின்னுவதை விட்டுவிட்டாள். இரண்டு கண்ணிலும் புரை.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று, "எல்லாம் பால் மாதிரி இருக்கு" என்றாள். உள்ளே வீக்கம் இருக்கிறது, வடிந்தால் பார்வை வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கப் பயமாக இருக்கிறது என்றாள். அதனால் தினமும் காலையில் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து அல்சூர் ஏரிக்கரைக்கு ஓட்டிப்போவேன். சாவியை ஆஃப் செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். பனியில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எங்கிருந்தோ வாத்துகளின் சத்தம் மட்டும் வரும். "எனக்கும் ஒண்ணும் தெரியல" என்பேன். அவள் சிரிப்பாள். அந்த நேரம் எங்கள் இருவருக்கும் ஒரே பார்வைதான். பனி விலகவே வேண்டாம் என்றுகூட எனக்குத் தோன்றும்.

ஒருநாள் வீடு திரும்புவதற்காகச் சாவியைத் திருப்பினேன். எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கப் போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, அது என்ன, செவப்பா?"

டேஷ்போர்டில் மிளகளவு விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும், எஞ்சின் ஓடத் தொடங்கினால் அணைந்துவிடும்.

"எங்க?" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். தடவவில்லை, தேடவில்லை. விரல்நுனி நேராக விளக்கின் மேல் போய் நின்றது. நகத்தில் சிவப்பு படிந்தது.

நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். சாவியை அணைக்கவில்லை; விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"காயில் சூடாகுமே. ஆஃப் பண்ணுங்க" என்றாள் அவளே.

"பொசுங்கட்டும். நீ பாரு."