ராணியம்மாளின் மோட்டார் யார் பேச்சைக் கேட்கும்?

"டொக்!"

பக்கத்து அறையில் ஸ்டார்ட்டர் பெட்டியின் சுவிட்ச் விழுந்தது. கிணற்றில் மோட்டார் நின்றது. ராணியம்மாளின் நெஞ்சும் அதோடு நின்று, பிறகு ஓடியது.

"பார்த்தியா கண்ணு? மறுபடியும்!" என்றாள், பழுது பார்க்க வந்த மெக்கானிக் வெண்மதியிடம்.

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே அரை ஏக்கர் சாமந்தி. அதுதான் அவள் உலகம். கணவர் பெங்களூரில் கொத்து வேலை. கிணறு அவளுக்கும் கொழுந்தன் மாதுவுக்கும் பொது, மோட்டார் ஆளுக்கொன்று. பகல் அவள் முறை, சாயங்காலம் அவர் முறை; பகலில் மிஞ்சும் தண்ணீர் அவருக்கு. பத்து நாளாக அவள் ரிமோட்டில் போடும் மோட்டார் மட்டும் தானாக நின்றது. பேய் என்று பெட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினாள். அதன் முன் அழுதும் பார்த்தாள். பேய் இரங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் பாயாவிட்டால் மொட்டெல்லாம் கருகிவிடும்.

வெண்மதி பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள்.

"பேய் இல்லைங்க அக்கா. உங்க ரிமோட்டு 'நில்லு'ன்னு எப்பவும் ஒரே மாதிரி சொல்லுது. யாரோ நகல் ரிமோட்டுல அதைப் புடிச்சுத் திரும்பச் சொல்றாங்க."

"அப்ப பெரிய பூட்டாப் போடு!"

"ரிமோட்டுக்குள்ள இருக்கிற இத்தனூண்டு சில்லு பெரிய பூட்டைத் தாங்காதுங்க. சின்ன முத்திரை போதும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண். அதை ரகசியச் சாவியோட கலந்து ரிமோட்டு முத்திரை போடும். பெட்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துவந்தாத்தான் நம்பும். பழைய முத்திரை வந்தா செவப்பு லைட்டு எரியும்."

அன்றே அதை மாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலை மாது வந்தார். ராணியம்மாள் காபி கொடுத்துவிட்டு, அவர் எதிரிலேயே ரிமோட்டை அழுத்தி மோட்டாரை ஒருமுறை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள். மாதுவின் கை சட்டைப் பைக்குள் போனது.

கதவு வழியே தெரிந்த பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. மோட்டார் ஓடியது. மறுபடி மினுக்கியது. மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது. மாது சட்டைப் பைக்குள்ளேயே கையை இன்னும் அழுத்தினார்.

"நெஞ்சு வலிக்குதுங்களா தம்பி?"

"கேஸுங்க அண்ணி."

ஓம வாட்டர் கொடுத்தாள். குடித்துவிட்டு மேலும் ஆறு முறை மினுக்க வைத்தார். வயலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. ராணியம்மாளுக்குக் கண் கலங்கியது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மாது எழுந்தார்.

"அந்தப் பொண்ணு கடை எங்கிருக்குதுங்க அண்ணி? நம்ம மோட்டாருக்கும் ஒண்ணு மாட்டணும். காலம் கெட்டுக் கெடக்குது."

"ஆமாங்க தம்பி. வூட்டுக்குள்ளயே வந்து காபி குடிச்சிட்டுப் போவுது."

மாது செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு நடந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.