ஏழு ஆணி, ஏழு வில்லை

ஏரிப் பக்கமிருந்து காற்று வீசும்போதெல்லாம் பருத்திப்பட்டில் எங்கள் வீட்டு உள்சுவர் "கிணுகிணு" என்று சத்தம் போடும். ஆணிகளில் தொங்கிய தகர வில்லைகள் சுவரில் இடித்துக்கொள்ளும் சத்தம் அது. பழைய பவுடர் டப்பாவை வட்டமாகக் கத்தரித்து, ஓரத்தைக் கல்லில் தேய்த்து, மேலே ஓட்டை போட்டு அப்பா செய்த வில்லைகள். தெருப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை; எனக்கோ அதைக் கேட்டாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அங்கே தொங்கிய ஒவ்வொரு வில்லையும் எனக்குப் பொருள் தெரியாத ஓர் ஆங்கிலச் சொல்லுக்காகத் தொங்கியது.

அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். ஏரிப் பாசனத்தில் பிறர் நிலத்துக்கு நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். எட்டாவது வரை படித்துவிட்டு ஆவடியில் தொழிற்சாலை வேலைக்குப் போன முதல் ஆள் அவர். லேத் மெஷினில் அவர் கை ஓடும் நேர்த்தியை மற்றவர்கள் நின்று பார்ப்பார்களாம். நான் ஒன்பதாவது படித்த வருடம், அவரை மேற்பார்வையாளராக உயர்த்துவதற்கான நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தது. கேள்வி, பதில் எல்லாம் இங்கிலீஷில். வீட்டில் இங்கிலீஷ் படிக்கிறவள் நான் ஒருத்திதான். ஆகவே அவருக்கு வாத்தியார் ஆனேன். என்னை யாரும் விருப்பமா என்று கேட்கவில்லை.

தனிச்சொற்கள் அவருக்குச் சுலபமாக வந்தன. அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அப், டவுன், இன், அவுட், ஆஃப் போன்றவைதான் எங்கள் இருவரையும் படுத்தி எடுத்தன. நைனா அவற்றுக்கு "வாலு" என்று பெயர் வைத்தார். 'கிவ்' என்றால் கொடு. அதோடு விட்டால் என்ன? 'அப்' சேர்ந்தால் கைவிடுவதாம், 'இன்' சேர்ந்தால் பணிந்துபோவதாம். கொடுப்பதற்கும் பணிவதற்கும் என்ன உறவு என்று இலக்கணப் புத்தகத்தில் ஓரிடத்திலும் சொல்லியிருக்கவில்லை. கடைசிப் பக்கங்களில் நீளமான பட்டியல் மட்டும் இருந்தது. பாதிச் சொற்களுக்கு எடுத்துக்காட்டு உண்டு, பொருள் கிடையாது.

"இன்னா கண்ணு, நேத்து 'லுக் ஆஃப்டர்'னா பாத்துக்கறதுன்னே. இன்னிக்கு 'லுக் ஃபார்'னா தேடறதுன்றே. கண்ணு அதே கண்ணுதானே?" என்பார் நைனா.

"எனக்கு இன்னா தெரியும் நைனா, அப்டிதான் போட்டுகீது."

ஒருநாள் அவரே யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்மகிட்டயும் கீதே. உட்டுக்குடுன்றோம். அதுல இன்னாத்த உடறோம், இன்னாத்த குடுக்கறோம்?" அன்று அவர் கேட்டது எனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கியது. வெளியே என் வயதுப் பெண்கள் பாண்டி ஆடிக்கொண்டிருக்க, மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவிய கையோடு எதிரே வந்து உட்கார்ந்துவிடும் ஒரு மாணவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

வில்லை யோசனை அவர் வேலையிடத்திலிருந்து வந்தது. அங்கே கருவி அறையில் ஒவ்வொருவருக்கும் தன் எண் பொறித்த பித்தளை வில்லைகள் உண்டு. ஸ்பேனரோ அளவுகோலோ வாங்கினால், அது மாட்டியிருந்த ஆணியில் உங்கள் வில்லையைத் தொங்கவிடுவார்கள். கருவி திரும்பி வரும்வரை அது அங்கேயே தொங்கும். வெற்று ஆணி கூடாது. ஒரு கருவியின் இடத்தில் இன்னொன்றை மாட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். அதே முறையை நைனா வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணிக்கும் மேலே சுண்ணக்கட்டியால் ஓர் ஆங்கிலச் சொல். ஆணியில் அதன் பொருள் எழுதிய அட்டை. பொருள் தெரியாவிட்டால் அட்டைக்குப் பதில் வில்லை.

"தெரிலன்னா வில்லைய மாட்டு. அதுல ஒண்ணும் வெக்கமில்ல. எது இல்லன்னு தெரிஞ்சா தேடிக்கலாம்" என்று முதல் நாளே சொன்னார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "கரண்டி மாட்ட எனுக்கு ஒரு ஆணி இல்ல இந்த ஊட்ல. எல்லாத்துலயும் வெள்ளக்காரன் தொங்கறான்" என்பாள்.

மெஷினோடு பழகிய வால்களெல்லாம் நைனாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன: சுவிட்ச் ஆஃப், ஷட் டவுன், பிரேக் டவுன். மனிதரோடு மனிதர் பழகுவதைச் சொல்பவைதான் தெரியவில்லை. மேற்பார்வையாளருக்கு அவைதான் வேண்டும். எனக்கும் அவை தெரியாது. பள்ளியில் டீச்சரிடம் கேட்டேன். "பரீட்சைக்கு வராததெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று உட்காரவைத்துவிட்டார். சுவரில் வில்லைகள் கூடிக்கொண்டே போயின. காற்று வந்தால் முன்பைவிட அதிகச் சத்தம். பக்கத்துத் தெருவிலிருந்து நைனாவோடு ஒரே ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போகும் ஏகாம்பரம் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, வாத்தியாரம்மாவுக்கே இத்தினி பாக்கியா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. விளையாடப் போகவேண்டும் என்ற அவசரமும் இருந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக வில்லைகளைக் கழற்றிவிட்டு, நானே பொருள் எழுதி அட்டை மாட்டினேன். 'புட் அப் வித்' என்பதற்கு, ஒன்றோடு சேர்த்து மேலே வைத்தல். 'லுக் டவுன் ஆன்', மாடியிலிருந்து எட்டிப் பார்த்தல். இப்படி ஏழு. 'மேக் அப் ஃபார்' என்பதற்கு ஒருவருக்கு அலங்காரம் செய்துவிடுதல் என்று எழுதியபோது எனக்கே அது உண்மை போலத் தோன்றியது. நைனா அதை ஏகாம்பரத்திடம் பெருமையாகச் சொல்லிக் காட்டினார். "பாத்தியா, என் பொண்ணு ஒண்ணு உடாம கண்டுபுட்சிட்டா."

சுவர் சத்தம் போடுவதை நிறுத்தியது. உண்மையை இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அவர் குளிக்கும்போதும் சைக்கிளைத் துடைக்கும்போதும் என் அட்டைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்கச் சொல்லும் தைரியம் குறைந்துகொண்டே வந்தது. தேர்வு நாளன்று அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பியபோதும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாலையில் நைனா வந்து, "ஆச்சு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த நாள் ஏகாம்பரம்தான் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "அண்ணாத்தேக்கு அப்புறம் நானு. வெளிய பெஞ்சுல குந்திகினு இருந்தேன். மெஷினப் பத்திக் கேட்ட வரைக்கும் டாண் டாண்ணு சொன்னாரு. அப்பால ஆளுங்களப் பத்தி ஏதோ கேட்டாங்க, இவுரு ஏதோ சொன்னாரு. உள்ள எல்லாரும் சிரிச்சிட்டாங்கக்கா." நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

அன்று மாலை நைனா கை கழுவிவிட்டு வந்து, என் எதிரே உட்காராமல் நேரே சுவரிடம் போனார். வில்லை டப்பாவை எடுத்தார். நான்கு அட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த நான்கு ஆணிகளிலும் வில்லைகளை மாட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டார். அவர் திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

மறுநாள் அவர் ஷிஃப்டுக்குப் போனபிறகு சுவருக்கு முன்னால் நின்றேன். அவர் கண்டுபிடித்தது நான்கு. நான் செய்தது ஏழு. மீதி மூன்றும் எனக்கு மட்டுமே தெரியும். மாட்டினால் நான்கோடு போகவேண்டிய அவமானம் ஏழாக ஏறும். மாட்டாவிட்டால் அடுத்த முறையும் அவர் அந்த மூன்றையும் சுமந்துகொண்டு போய் அந்த அறையில் நிற்பார். இரண்டை மாட்டிவிட்டேன். மூன்றாவது, அவர் பெருமையடித்துக்கொண்ட அலங்காரம். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா இரண்டு தடவை சத்தம் போட்டபிறகுதான் அதையும் மாட்டிவிட்டு ஓடினேன்.

மாலையில் நைனா சுவரைப் பார்த்தார். விரலை வைத்து எண்ணினார்.

"நா நாலுதான்னு நெனச்சிகினேன். மத்தத நீயா மாட்னே?"

"ம்."

"வேற கீதா?"

"இல்ல நைனா. ஏழுதான்."

"சரி, போய்த் துன்னு" என்றார். தாளும் பென்சிலும் எடுத்து ஏழு சொற்களையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அந்தத் தாள் திரும்பி வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலில் நல்ல கையெழுத்தில் பொருள் இருந்தது. பொறுத்துக்கொள்வது. இளக்காரமாகப் பார்ப்பது. ஈடுகட்டுவது. யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று அம்மா கேட்டாள்.

"அன்னிக்கி சிரிச்சாரே, அந்த ஆபீசருதான். சிரிக்கறவரு தெரிஞ்சிகினுதானே சிரிக்கறாரு? நேரா அவரயே போய்க் கேட்டுட்டேன்" என்றார் நைனா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அந்த வருடம் அவருக்கு உயர்வு கிடைக்கவில்லை. இரண்டு வருடம் பொறுத்துக் கிடைத்தது. அந்த அறையில் அன்று என்ன கேட்டார்கள், என் அட்டைகளில் எதைச் சொன்னார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது பருத்திப்பட்டு வீட்டின் மண்சுவரை இடித்துச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். ஒரு ஆணித்தடம்கூட இல்லை. கருவி அறையிலும் பித்தளை வில்லை போய், சீட்டில் கையெழுத்து வாங்குகிறார்களாம். நான் கல்யாணமாகி அம்பத்தூரில் இருக்கிறேன். என் பெண் இங்கிலீஷ் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். தினமும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பொருள் கேட்கிறாள், அதே வால்களோடு. நான் பி.யூ.சி. வரை படித்தவள்; பாதிக்குமேல் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்ன பிறகும் சரியாகத்தான் சொன்னோமா என்று அடுப்படியில் நின்று யோசிக்கிறேன். நிச்சயமில்லாத சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஊக்கைக் குத்தி அனுப்பிவிடுகிறேன். அவள் டீச்சரைக் கேட்டுவரட்டும்.

போன வாரம் பள்ளி டைரியில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: குழந்தையின் நோட்டில் ஊக்கு குத்தி அனுப்பவேண்டாம், கையில் ஏறிவிடும். நியாயம்தான், எனக்கு ஏன் அது முன்பே தோன்றவில்லை? ஞாயிற்றுக்கிழமை நைனா வந்திருந்தபோது ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். நோட்டை வாங்கிப் புரட்டி, கழற்றாமல் இருந்தவற்றை விரலை வைத்து எண்ணினார்.

"அஞ்சு. அவ்ளோதானா, இன்னும் கீதா?" என்றார்.

நோட்டைத் திருப்பி வாங்கி, முந்தின நாள் நிச்சயமாகத் தெரியும் என்று ஊக்குக் குத்தாமல் விட்டுவிட்ட ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன்.