இரண்டு உலகப் போரும் எங்கள் குசினியும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், முப்பத்திரண்டு வயதில், நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போனேன். தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு பாடம் குறைந்தது. புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், மோர்னிங்சைட் பகுதியில் பெரியவர்களுக்கு நடந்த பகல் வகுப்பில் இடம் இருந்தது சரித்திரத்துக்கு மட்டும். அதில் தேறாவிட்டால் இன்னொரு வருடம் டோனட் கடையில் கோப்பி ஊற்ற வேண்டியதுதான்.

பரீட்சையில் பெரிய கேள்வி இது: நாடுகள் ஒத்துழைப்பதைப் பற்றித் தலைவர்கள் நினைத்ததை இரண்டு உலகப் போர்களும் எப்படி மாற்றின? எனக்கு வாயெல்லாம் பல். யாழ்ப்பாணத்து டியூட்டரியில் படித்தவளுக்கு இதெல்லாம் தூசு. புத்தகத்தின் அந்த நான்கு பக்கத்தையும் பஸ்ஸிலும் குளியலறையிலும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தேன். ஒரு காற்புள்ளி தவறாமல் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை ஆசிரியை கூப்பிட்டார். என்னைவிட இளையவர். மேசையில் என் விடைத்தாளும் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"கொப்பியடித்திருக்கிறீர்கள்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பார்க்காமல் எழுதியதுதானே என் பெருமை. கண்ணை மூடிக்கொண்டு முதல் பக்கத்தை அங்கேயே ஒப்புவித்தேன். அவர் திகைத்துப் போனார்.

"சரி, நம்புகிறேன். ஆனால் இது புத்தகம் நினைத்தது. நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள். அதற்குத்தான் புள்ளி."

இப்படி என்னை யாரும் கேட்டதில்லை. படிப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், எனக்குத் தெரிந்த ஒரே போரை என் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன்.

அப்போது இரண்டு அறை அப்பார்ட்மெண்டில் நாங்கள் மூன்று குடும்பம், அறைகளில் இரண்டு, ஹோலில் ஒன்று; சமைக்கக் குசினி ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு மரக்கறி மட்டும், மீன் வாசமே ஆகாது. ஹோலில் இருந்த அக்கா ஒரு வெள்ளிக்கிழமை கருவாடு பொரித்தார். அறைக்காரர் இரண்டு குடும்பமும் சேர்ந்து சண்டை பிடித்து வென்றோம். வென்ற கையோடு, இனி அக்கா மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகுதான் குசினிக்குள் வரலாம் என்று சட்டமும் போட்டோம். போட்டது நான்தான். அக்கா சின்ன மின்சார அடுப்பொன்று வாங்கிவந்து, அடுத்த வெள்ளிக்கிழமை ஹோல் மூலையில் வைத்துக் கருவாடு பொரித்தார். புகைக்கு ஃபயர் அலாம் அடித்தது. பதினாலு மாடிச் சனமும் மாசி மாதப் பனிக்குள் இறங்கி நின்றது, பாதிப்பேர் வீட்டுச் செருப்போடு.

"அவவை வெளியில தள்ளினதாலதான் உது வந்தது" என்றார் என் கணவர், பல் கிடுகிடுக்க. "மேல போய் எல்லாருமா இருந்து கதைப்பம். அவவையும் கூப்பிடும்."

கூப்பிட்டேன். "ஓம், வாறன்" என்றார் அக்கா. "ஆனா முதல்ல உந்தச் சட்டத்தை விடுங்கோ." விட்டோம்; அன்றிலிருந்து எது என்றாலும் மூன்று குடும்பமும் கூட்டமாக இருந்து கதைத்துத்தான் முடிவு.

"முதல் போரில் வென்ற தலைவர்களும் என்னைப் போலத்தான்" என்று ஆசிரியைக்குச் சொன்னேன். "தோற்றவனை ஒதுக்கிவைத்தால் சமாதானம் என்று நினைத்தார்கள். இரண்டாவது போரும் வந்து, எங்களைப் போலப் பனிக்குள் நின்ற பிறகுதான், அவனும் சமைத்துச் சாப்பிட்டால்தான் தங்களுக்கு நித்திரை என்று விளங்கியது."

"அப்படியானால் அதற்குப் பிறகு அமைத்த உலக நாடுகளின் சபையில், எதையும் தடுத்துவிடும் வீட்டோ உரிமை பெரிய நாடுகளுக்கு மட்டும் எதற்கு?"

"எங்கள் அப்பார்ட்மெண்டை வாடகைக்கு எடுத்தது மற்ற அறைக் குடும்பத்து அங்கிளின் பெயரில். அவர் மாட்டேன் என்றால் எங்கள் கூட்டத்திலும் ஒன்றும் நடக்காது. அந்த உரிமை இல்லையென்றால் அவர் கூட்டத்துக்கே வரமாட்டார்."

ஆசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன், பிழையான ஆங்கிலத்தில், கருவாட்டோடு சேர்த்து. எழுபத்திரண்டு புள்ளி போட்டார். தாதிப் படிப்பு இனி என் கையில்.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் எல்லோரும் பார்க்கத்தக்கதாக அழுதேன். அத்தனை சந்தோஷம். ஊரில் பதின்மூன்று வருடம் படித்து நூற்றுக்குத் தொண்ணூறு எல்லாம் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒரு புள்ளிகூட நான் நினைத்ததற்குக் கிடைத்ததில்லை.