காருக்குள் உட்கார்ந்த மாப்பிள்ளை

எங்கள் கார் கிளம்ப இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் முன்னால் குனிந்து இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை அமுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அமுக்கினால் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்துப் படுத்துவிடும்; குறைவாக அமுக்கினால் நாலு தடவை இருமிவிட்டு அணைந்துபோகும். கல்யாணமாகி மதுரை தல்லாகுளத்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், தலையில் வைத்த பூ வாடுவதற்கு முன்பே, என் வீட்டுக்காரர் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டார். கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்து, மாட்டு வண்டியும் பஸ்ஸும் தவிர வேறெதிலும் ஏறாதவள் நான்.

"எனக்கு முன்னாடி இதை யாருங்க அமுக்குனது?" என்று கேட்டேன்.

"செங்கல்," என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். சீட்டுக்கு அடியில் பார்த்தால் நிஜமாகவே அரைச் செங்கல் ஒன்று கிடக்கிறது! ஒரு வாரம் கழித்து, "செங்கல்லைவிட நீ பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வருஷம் முழுக்க அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

கார் என் மாமனார் விட்டுப்போனது. என்னைவிட வயதில் மூத்தது. மழை பெய்தால் கிளம்பாது, வெயிலடித்தால் கொதிக்கும். வெளியூர் போவதென்றால் புளிச்சோற்றுக்கு முன்னால் தண்ணீர் டின்களைத்தான் ஏற்றுவோம். அதைக் கட்டி மேய்ப்பதற்கு ஒரு மாட்டை வளர்த்தால் பாலாவது கிடைக்கும் என்று நான் முணுமுணுக்காத நாளில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைக் கழுவித் துடைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் எனக்கே மனசு குளிர்ந்துவிடும். அத்தனை நிம்மதி அந்த முகத்தில்.

காரை மேய்ப்பது பாதி வேலை என்றால் இவரை மேய்ப்பது மீதி வேலை. இட்லியைச் சட்னி தொடக்கூடாது, தனிக் கிண்ணத்தில் இருக்க வேண்டும். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். புதுச் சேலை கட்டிக்கொண்டு ஆசையாக "எப்படி இருக்கு?" என்று போய் நின்றால், "போன சேலை நல்லா இருந்துச்சு" என்பார். குக்கர் விசிலடித்தால் போச்சு. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி, காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வார். முதலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சீரோடு வந்த குக்கரைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுப் பானையில் வடிக்க ஆரம்பித்தேன். வடித்த சோறுதான் ருசி, எனக்கென்ன நஷ்டம்?

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தலை நரைத்த பிறகுதான் தெரியும். மகள் யாரோ டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, "அப்பாவுக்கு இருக்கறது ஆஸ்பெர்ஜர்மா" என்றாள். இவர், "அதுக்கு மாத்திரை சாப்பிடணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். "அப்ப சரி" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். எழுபதுகளில் எங்களுக்கு ஆஸ்பெர்ஜரும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அதனால் என் பிறந்த வீட்டார் தங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை முறுக்கு.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். பந்தியில் உட்கார்ந்து "பசியில்லை" என்று பாதியில் எழுந்துவிடுவார். மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். ஒரு மோதிரமோ சைக்கிளோ வந்ததும் மாப்பிள்ளைக்குப் பசி வந்துவிடும். ஊரே வேடிக்கை பார்க்கும் கூத்து அது. எங்கள் கல்யாணப் பந்தியில் இவரும் பாதியில் எழுந்துவிட்டார். பாயசம் வழிந்துபோய்ச் சோற்றைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான் விஷயம். என் அய்யாவுக்கு அது எப்படித் தெரியும்? ஓடிப்போய் ஒரு வாட்சோடு வந்து நின்றார்.

"எங்கிட்ட வாட்ச் இருக்கு மாமா. ரெண்டு கட்டினா எதைப் பாக்குறது?" என்றார் இவர்.

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து அய்யா வாட்சிலிருந்து சங்கிலிக்கு ஏறினார். "கழுத்து அரிக்கும்" என்று அதையும் இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆளு பெருசா என்னத்தையோ மனசுல வச்சிருக்காரு. வாயத் தொறக்க மாட்டேங்குறாரு, பாத்தியா?" என்று அய்யாவின் காதைக் கடித்தான். "அவரு குணமே அப்படித்தான்ய்யா" என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "எம்புட்டு நல்லாப் புருசனை விட்டுக்குடுக்காமப் பேசுறா பாரு" என்று ஆத்தா பூரித்துப்போனாளே தவிர, ஒருத்தரும் நம்பவில்லை.

தலை தீபாவளி வந்தது. முதல் நாள் காரில் கிளம்பினோம். ஒத்தக்கடை தாண்டி ஒரு தடவை, மேலூர் தாண்டி ஒரு தடவை கொதித்தது. இவர் பொறுமையாகப் புளியமரத்தடியில் நிறுத்தி ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றினார். மழைக்காலம், வழி நெடுக வயலெல்லாம் பச்சை. பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு நான் சந்தோஷமாகத்தான் வந்தேன். வெடிச் சத்தம் இருக்கும் என்பதையும் சொல்லி வைத்தேன். "அப்ப நான் கார்ல இருந்துக்கிறேன்" என்றார்.

வீட்டு வாசலில் போய் இறங்கினால் அண்ணன் வந்து பெட்டியை எடுக்கப் போனான். இவர் விடவில்லை. "நாளைக்குத் திரும்பப் போறோம், எதுக்கு எறக்கணும்? டிக்கியிலயே இருக்கட்டும்" என்றார். வேண்டிய சட்டை வேட்டியையும் தலையணையையும் மட்டும் எடுத்துக்கொண்டார். வேறு தலையணையில் அவருக்குத் தூக்கம் வராது. "ஆரம்பிச்சுட்டாரு" என்று அண்ணன் என்னைப் பார்த்தான். அய்யாவிடம் தனியாகப் போய், "வெடிச் சத்தம் அவருக்கு ஆகாதுய்யா" என்றேன். "அட போ ஆத்தா, ஆம்பளைக்கு வெடி ஆகாதாமே!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. தலையில் எண்ணெய் வைத்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டார். காலையிலேயே தலையணையைக் கொண்டுபோய்ச் சீட்டில் வைத்துவிட்டு வந்தார். புது வேட்டியின் கஞ்சியையும் பொறுத்துக்கொண்டார். இம்புட்டையும் எனக்காகத்தான் பொறுக்கிறாரா, இல்லை வேறு வழியில்லாமலா என்று எனக்கே தெரியவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி அத்தனை மாதமாக அந்தக் கேள்வி என் நெஞ்சைக் குடைந்துகொண்டிருந்தது. இவருக்கு நான் வேண்டுமா, வேண்டாமா? ஆக்சிலேட்டர் அமுக்க ஒரு ஆள், இட்லி அவிக்க ஒரு ஆள் என்பதற்கு மேல் நான் ஏதாவதா?

வாசலில் பங்காளி வீட்டுச் சனமெல்லாம் கூடியிருந்தது. அய்யா தாம்பாளத்தில் பட்டு வேட்டியும் மோதிரமும் வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளைதான் முதல் வெடி கொளுத்த வேண்டும். அண்ணன் திண்டுக்கல் பூட்டு மாதிரி கனமான ஒரு சரத்தைத் தெருவில் விரித்துவிட்டு, ஊதுபத்தியை இவர் கையில் கொடுத்தான். அந்நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு அணுகுண்டை வெடித்தார்கள். இவர் உடம்பு தூக்கிப் போட்டது. ஊதுபத்தியை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, நேராகக் காருக்குப் போய், ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அய்யா தாம்பாளத்தோடு அப்படியே நிற்கிறார். பெரிய மனிதர், ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்துச் சொல்கிறவர். அவர் முகம் சுருங்கிப்போனது. வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஒரு சின்னம்மா, "மோதிரம் சிறுசா இருக்குன்னு கோவமாக்கும்" என்றாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "போதும்ய்யா! எம்புட்டுத்தான் தாங்குறது? அவரு எறங்கி வந்து மரியாதையா நாலு வார்த்தை பேசட்டும். அப்பத்தான் தங்கச்சிய அனுப்புறது. இல்லேன்னா அவ இங்கனயே இருக்கட்டும்" என்றான். அய்யா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆத்தா என் கையைப் பிடித்து நிலைப்படிக்கு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் இதற்கு ஒரு வழி உண்டு. நாலு நாள் வீறாப்பாக இருப்பார், அப்புறம் பெரியவர்கள் போவார்கள், வருவார்கள், சமாதானம் ஆகும். இவருக்கு அந்த வழியெல்லாம் தெரியாதே! "அவள் வரமாட்டாள்" என்று சொன்னால், பஸ் வராது என்று சொன்னதைப்போல எடுத்துக்கொள்வார். கிளம்பிப் போய்விடுவார். செங்கல்லை எடுத்து வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு இருந்துவிடுவார். திரும்பக் கூப்பிட வரவே மாட்டார். வேண்டாம் அண்ணே என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவன் வாசலில் இறங்கிவிட்டான்.

அண்ணன் போய்க் கண்ணாடியைத் தட்டினான். இவர் கொஞ்சமாக இறக்கினார்.

"எறங்கி வாங்க மாப்ள."

"சத்தம் நிக்கட்டும்."

"தீவாளியன்னிக்கு வெடி போடாம ஒப்பாரியா வைப்பாக? சரி, கேட்டுக்கங்க. எங்க தங்கச்சி ஒங்களோட வரமாட்டா."

இவர் யோசித்தார். "எப்ப வருவா?"

"வரவே மாட்டா. இங்கனதான் இருப்பா."

"சரி," என்றார் இவர்.

அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இறங்கிப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். ஹேண்டிலை எடுக்கிறார், கிளம்பப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், ஒரு கையில் பெட்டி, அக்குளில் தலையணை. ஒரு பக்கத் தோளைத் தூக்கிக் காதை அடைத்துக்கொண்டு, சேறும் சகதியுமான வாசலைக் கடந்து நேராக அய்யாவிடம் வருகிறார்.

"மாமா, இதை எங்க வைக்கிறது?"

"எதை மாப்பிள்ளை?" அய்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பெட்டியை. அவ இனிமே இங்கதான் இருப்பான்னு சொன்னாங்க. அப்ப நானும் இங்கதான இருக்கணும்? பத்து மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும் மாமா. காலையில மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ்? தினம் போயிட்டு வந்தா கார் தாங்காது."

வீட்டோட மாப்பிள்ளையாக வருகிறேன் என்று ஒரு மனுஷன் தன் வாயால் சொல்கிறான், அதுவும் கூடியிருந்த சனத்துக்கு முன்னால்! எங்கள் பக்கத்தில் ஆம்பளைக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. கஞ்சிக்கு வழியில்லாதவன்கூட மாமனார் வீட்டில் தங்க ஆயிரம் யோசிப்பான். முறுக்கு என்பது கடுகளவு இருக்கிற மாப்பிள்ளைக்கும் கனவில்கூட வராத பேச்சு அது. இவர் ஏதோ குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அய்யா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "வேற எதும் வேணுமா மாப்பிள்ளை? மோதிரம், சங்கிலி... மனசுல எதும் இருந்தா..."

"அதெல்லாம் எதுக்கு? கதவு சாத்துற ரூமா இருந்தாப் போதும். வெடிச் சத்தம் தாங்க முடியலை. காது வலிக்குது."

அய்யா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "டேய், அந்தச் சரத்தைச் சுருட்டி உள்ள வை. தெருவுல ஒருத்தரும் வெடி போடக் கூடாதுன்னு சொல்லு. வெடிக்கிறவன் கண்மாய்ப் பக்கம் போயி வெடிக்கட்டும்." அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் குனிந்து சரத்தைச் சுருட்டினான்.

ஆத்தா என் கையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் ஒருத்திக்கு இப்படி அழுகை வரும் என்று அதுவரை நான் நம்பியதில்லை. அத்தனை மாதக் கேள்விக்குப் பதில் பெட்டியும் தலையணையுமாக வாசலில் நிற்கிறது! புதுச் சேலையில் சேறு தெறிக்க ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"நான் வாரேங்க. ஒங்களோட நம்ம வீட்டுக்கு வாரேன்."

"வரமாட்டேன்னு உங்க அண்ணன் சொன்னாரே?"

"அண்ணன் கோவத்துல சொல்லிருச்சு. நான் சொல்லலை. நான் வாரேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப பஸ் வேண்டாம் மாமா," என்று அய்யாவிடம் சொல்லிவிட்டு, பெட்டியோடு காரைப் பார்த்துத் திரும்பி நடந்தார். அக்குளிலிருந்து தலையணை நழுவிச் சேற்றில் விழப்போனது. அய்யா ஓடிப்போய் அதைப் பிடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்.