காப்புக்கு முன் வாங்கிய மெஷின்

ஒரு அங்குலத்துக்கு ஏழு தையல். நுவரெலியாப் பக்கம், கந்தப்பளைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சுதர்ஷினியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை அது பாட்டுக்குக் குதிரை வாரில் ஏழு தையல் போட்டுக்கொண்டு போகும். ஆறும் விழாது, எட்டும் விழாது. போன மழைக்காலம் வரை அப்படித்தான்.

கல்யாணத்துக்கு முன் கொழும்புப் பக்கம் தோல் கையுறை செய்யும் ஃபெக்டரி ஒன்றில் வேலை பார்த்தவள். பிறகு தோட்டத்துக்கு வந்து கொழுந்து பறித்தாள். ஒரு நாள் நுவரெலியா வாவிக் கரையில், பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வரும் மட்டக்குதிரை ஒன்றின் வயிற்று வார் பிய்ந்து, கயிற்றால் கட்டியிருந்ததைப் பார்த்தாள். "தம்பி, அதக் கழட்டிக் குடுங்க, நான் தச்சுத் தாரேன்" என்று கேட்டு வாங்கி வந்தாள். அந்தத் தம்பிதான் குதிரைக்காரன் சிப்னாஸ். அதன் பிறகு அவனுடைய குதிரைகள் எல்லாம் அவள் தைத்த வாரைத்தான் கட்டின. தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு தோல் வேலையிலேயே உட்கார்ந்தாள். புருஷன் கஜேந்திரனுக்கு மரக்கறி லொறியில் கிளீனர் வேலை.

கையால் தோல் தைப்பதென்றால் ஒவ்வொரு தையலுக்கும் குத்தூசியால் ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் ஊசி கோத்து, இழுத்து இறுக்க வேண்டும். இறுக்குவது வலது கட்டைவிரல். மழைக்காலத்தில் அது மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. காலையில் அடுப்பு வெக்கையில் காட்டினால்தான் நிமிரும். ஆஸ்பத்திரியில் டொக்டர் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குத்தூசியை விட்டால் விரல் மிஞ்சும் என்றார். அதே வாரத்தில் சிப்னாஸ் வந்து நின்றான்.

"சுதாக்கா, ஏப்ரல் சீசனுக்கு எல்லாக் குதிரைக்கும் புது வார் வேணும். சனம் வாறதுக்கு முந்திக் கட்டிரணும்."

"விரல் இப்பிடிக் கெடக்கே தம்பி."

"அப்ப மெஷின் ஒண்ணு போடுங்களே. ஏலாட்டிச் சொல்லிருங்க, நான் நைலானுக்குத்தான் போகணும். கோவிக்கக் கூடாது."

அவன் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். நைலான் வார் வாங்கினால் வருஷக்கணக்கில் வேறு வார் தேவைப்படாது. தோல் பை, பர்ஸ் எல்லாம் செய்து விற்றுப் பார்த்தாயிற்று. டவுனில் வரிசையாகத் தொங்கும் ரெக்சின் பைகளுக்கு நடுவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிப்னாஸின் குதிரைகளை விட்டால் அவளுக்குத் தொழில் இல்லை.

புருஷனும் பெண்சாதியும் நானுஓயாவில் ரயில் ஏறி ஹட்டனுக்குப் போனார்கள். மூடிப்போன கார்மன்ட்ஸ் ஃபெக்டரிகளின் மெஷின்களை வாங்கி விற்கும் மஃறூப்பின் கடை அங்கே இருக்கிறது.

"எல்லா மெஷினும் ஈக்கிது தங்கச்சி. என்ன தைக்கப் போறீங்க?"

சுதர்ஷினி பையிலிருந்து மூன்று மடிப்புத் தோலை எடுத்து மேசையில் வைத்தாள். "இதத்தான் நானா. ரெக்சின்ல தச்சுக் காட்ட வேணாம்."

"யா அல்லாஹ்! என்ன இது, யானைக்கா?"

"குதிரைக்கு."

கார்மன்ட்ஸில் ஓடிய ஜூகி மெஷின்களை மஃறூப் கையைக் காட்டித் தள்ளிவிட்டார். அவை துணிக்கு ஆனவை. கடைசி மூலையில் இரண்டு மெஷின் மிஞ்சியது.

ஒன்று, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் கைச்சக்கர மெஷின். நீண்ட, மெல்லிய கழுத்து. கரண்ட் வேண்டாம், சாக்கில் போட்டு ஒரு ஆள் தூக்கிப் போகலாம். ஆனால் தடித்த நூல் அதில் ஏறாது, சக்கரத்தையும் வலது கையால்தான் சுற்ற வேண்டும். சுற்றினாள். மூன்றாவது மடிப்பில் ஊசி இறுகியது, கூடவே அவள் விரலும்.

மற்றது இரும்பு மேசையோடு சேர்த்துப் பூட்டிய பெரிய மெஷின். அடியில் மோட்டர். ஊசிக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புப் பாதம் மாறி மாறி மிதித்து, தோலைத் தானே நகர்த்திக்கொண்டு போகும். பெடலை மெதுவாக மிதித்தாள். ஊசி தயங்காமல் இறங்கியது. தைத்து முடித்து, நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழு.

"லயத்துக் கரண்டு இதத் தாங்குமா?" என்று கஜேந்திரன் கேட்டான். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை.

"வேற மோட்டர் மாத்தித் தாரேன். பக்கத்துக் காம்பரா லைட்டும் மங்காது. ஆனா தூக்க நாலு பேர் வேணும். ஒருக்கா வச்சா வச்சதுதான். ஏன், தலையில வச்சு ஊர் சுத்தப் போறீங்களா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சுதர்ஷினி எல்லாவற்றையும் யோசித்து வந்திருந்தாள்: நூல், ஊசி, கரண்ட், காம்பராக் கதவின் அகலம். பாதிக் காசைக் கொடுத்து, மீதியைச் சீசன் முடிந்து தருவதாகப் பேசி, பெரிய மெஷினை எடுத்தாள்.

மெஷின் ஓடிய முதல் நாள் பக்கத்துக் காம்பரா சண்முகவடிவு வாசலில் வந்து நின்றாள். "ஏ சுதா, என் டீவி மட்டும் நிக்கட்டும், அப்ப இருக்கு ஒனக்கு." டீவி நிற்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கொழும்பிலிருந்து வந்த தோலில் ஈரம் இருந்தது. வெளியே நாள் முழுக்கப் பனிமூட்டம். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டாள். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துத் துடைத்துத் திரும்பவும் காயப் போட்டாள். வார் வெட்டி, நாலே நாலு குதிரைக்குத் தைத்து முடித்திருந்தபோது கோயில் கமிட்டித் தலைவர் ஆண்டியப்பன் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வந்து செருமினார்.

"வெள்ளிக்கெழம அம்மனுக்குக் காப்புக் கட்டுறோம்மா. தோலையெல்லாம் வெளிய வச்சிரு."

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் தேர் முடியும் வரை அந்த லயத்தில் கவுச்சி கிடையாது, தோல் கிடையாது. சுதர்ஷினிக்குத் தெரியாத வழக்கம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்குத் தோலையும் குத்தூசியையும் சாக்கில் கட்டிக்கொண்டு, ரோட்டோரம் லீக்ஸ் தோட்டத்துக் கொட்டிலில் போய் உட்கார்ந்து தைப்பவள்தான். ஆனால் திருவிழா எப்போதும் மே மாதத்தில் வரும், சீசன் முடிந்த பிறகு.

"போன வருஷம் மழையில தேர் நடு ரோட்டுல நின்னுச்சுல்ல? அதான் இந்த வருஷம் பங்குனியிலயே வச்சோம். கூட்டத்துல ஒம் புருஷனும் இருந்தாரே."

அவள் உள்ளே திரும்பினாள். "ஏங்க, நீங்க கை தூக்குனீங்களா?"

"எல்லாரும் தூக்குனாங்க," என்றான் கஜேந்திரன். "மெஷின் ஞாபகமே வரல."

அவள் கோபம் ஆண்டியப்பன் பக்கம் போனது. "கோயில்ல அடிக்கிற தப்பு மட்டும் என்ன, வாழ எலையிலயா செஞ்சிருக்கு? அதுவும் தோலுதானே அண்ணே?"

"அது சாமிக்கு அடிக்கிறதும்மா. இது குதிரைக்குக் கட்டுறது."

சுவருக்கு அந்தப் பக்கம் சண்முகவடிவு சிரித்தது கேட்டது. ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. "நான் என்ன செய்ய? நாளைக்கு எந்தப் புள்ளைக்காவது அம்ம போட்டா எல்லாரும் ஒன் வாசல்லதான் வந்து நிப்பாங்க. அது ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

கந்தப்பளை டவுனில் ஒரு அறை கேட்டு அலைந்தார்கள். சீசன் சாமான் இறக்கி வைக்க எல்லா அறையும் போயிருந்தது. கடைசியாக ஒரு கராஜ்காரர் பின்பக்கம் கொஞ்சம் இடம் தர ஒத்துக்கொண்டார். கஜேந்திரன் லொறியையும் கேட்டு எடுத்து வந்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. தூக்க வேண்டிய ஆண்கள் எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

"காப்புக் கட்டின கையால தோலு தச்ச மெஷினத் தொட மாட்டோம் மச்சான். தேர் முடியட்டும்."

கஜேந்திரன் கையிலும் அதே கயிறு இருந்தது. லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது.

மெஷின் மேல் சேலையைப் போட்டு மூடிவிட்டு, சுதர்ஷினி முன்பே வெளியே வைத்திருந்த தோலை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். விரலில் துணியைச் சுற்றி, குத்தூசியைப் பிடித்தாள். ஐந்தாவது குதிரைக்கான வார் முடிய இரண்டு நாள் ஆனது. எண்ணிப் பார்த்தாள். ஒரு இடத்தில் ஐந்து தையல், ஒரு இடத்தில் நாலு. வாரின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். தையல் விட்டுக்கொடுத்தது. குதிரை மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அது நடந்திருந்தால்? அந்த வாரை அவளே கத்தியால் இரண்டாக வெட்டினாள். பிறகு சிப்னாஸுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னாள்.

"தேர் முடிய இன்னும் எத்தன நாள் அக்கா?"

சொன்னாள்.

"அதுக்குள்ள சீசன் தொடங்கிரும்," என்றான்.

மறுநாள் அவனிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வாவிக் கரையில் குதிரைகள் வரிசையாக நின்றன. நாலைத் தவிர எல்லாவற்றின் வயிற்றிலும் நீல நிற நைலான் வார். கீழே, 'அக்கா மன்னிக்கணும்' என்று எழுதியிருந்தான். கஜேந்திரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நம்ம வார்தான் வடிவா இருக்கு."

"ஆமா," என்றாள் அவள்.

தோட்டத்து ஆபிஸுக்குப் போய்ப் பேரைத் திரும்பப் பதியச் சொன்னாள். கணக்கப்பிள்ளை கையைப் பார்த்து, "கொழுந்து பறிக்க ஏலுமா?" என்று கேட்டார். கொழுந்து கிள்ளுவதும் அதே கட்டைவிரல்தான். ஏலும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மஃறூப்புக்கு மீதிக் காசு கொடுக்க வழியில்லை. தேர் முடிந்த மறுநாள் அவருடைய லொறி வந்து மெஷினை ஏற்றிப் போகும். திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அவள் போக வேண்டும்.