காலிக் கூடத்தில் வழியில்லை

நம்பினால் நம்புங்கள். இது என் அக்காவுக்கு நடந்தது. அவள் கதை கட்டுகிற ஆள் இல்லை. நகராட்சியில் வீட்டுச் சுகாதார ஆய்வாளர். பொருள் குவிந்து மூச்சுமுட்டும் வீடுகளுக்குள் போய், கதவு முழுசாகத் திறக்கிறதா, அடுப்புப் பக்கம் துணி கிடக்கிறதா, தீப்பிடித்தால் ஓட மூன்றடி அகலத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எலி, பாம்பு எல்லாம் பார்த்தவள். லேசில் அசரமாட்டாள்.

அந்த வீடு ஒரு தையல்காரருடையது. மனைவி இறந்துபோன பிறகு அவர் ஒரு துண்டுத் துணியைக்கூட எறியவில்லை. கூடம் முழுக்கக் கூரையைத் தொடும் மூட்டைகள். அக்கா நோட்டீஸ் கொடுத்தாள். அவருடைய மகள் லாரியோடு வந்தாள். அழுத அப்பாவைத் தெருவில் உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள்.

மறு ஆய்வுக்கு அக்கா போனது நல்ல பகலில். கதவு அகலத் திறந்தது. கூடத்தைத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு கட்டில் மட்டும். தரையெல்லாம் வெயில்.

"அடேயப்பா! பந்து விளையாடலாம் போலிருக்கே, ஐயா."

தையல்காரர் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து வந்தார். பக்கவாட்டில். வயிற்றை எக்கிக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு... வெறும் கூடத்தில் வளைந்து வளைந்து.

பழக்கதோஷம் என்று நினைத்தாள் அக்கா.

"பார்த்து வாங்கம்மா. இடது பக்கம் சரியிற மாதிரி இருக்கு."

"அங்க ஒண்ணுமில்லையே?"

"மக தூக்கிட்டுப் போனது துணியை மட்டும்தாம்மா..."

அக்கா அளவு நாடாவை நீட்டிக்கொண்டு நேராக நடந்தாள். தோளில் ஏதோ இடித்தது. மெத்தென்று. கனமாக. கையால் துழாவினாள். காற்றுதான். ஆனால் விரலில் பஞ்சுத் தூசி.

மேலே ஏதோ நகர்ந்தது. ஸ்ஸ்ர்ர்ர்... மூட்டை சரிகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். வெறும் கூரை.

நாடா முன்னே போகவில்லை. ஒரு முழத்திலேயே மடங்கியது.

"முன்னெல்லாம் கண்ணுக்காவது தெரிஞ்சுது," என்றார் அவர். "இப்ப எங்க கால் வைக்கிறதுன்னே தெரியல. நாளுக்கு நாள் கிட்ட வருது. இந்த வீடு ஆகாதுன்னு எழுதிக் கொடுங்கம்மா. வேற எங்கயாவது இடம் கொடுப்பாங்கல்ல?"

கொடுப்பார்கள். குடியிருக்க ஆபத்து என்று ஆய்வாளர் எழுதினால் மாற்று வீடு உண்டு. அக்கா கூடத்தைப் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

"சார், இந்த வீட்டுல... வழி இல்ல."

"படத்துல ஒரு கட்டில்தானேம்மா இருக்கு? வெயில் தலைக்கேறிடுச்சா? சரியா இருக்குன்னு எழுதிட்டு வா."

எழுதினாள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு விதியில் இடமில்லை.

"மக வீட்டுக்குப் போயிடுங்க, ஐயா."

"அவ கூப்பிடலியேம்மா."

வழியனுப்ப வந்தவர் பாதிக் கூடத்தில் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல வரமுடியலம்மா..."

வாசலில் நின்ற அக்கா கையை நீட்டினாள்.

எட்டவில்லை.

மறுபடி... ஸ்ஸ்ர்ர்ர்.

அக்கா ஓடிவிட்டாள்.

அன்றைக்கே மகளுக்குப் போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் மகள். வந்தபோது கட்டிலில் அப்பா இல்லை. கூடத்தின் நடுவில் இருந்தார். அவள் தொட்டதும் கீழே விழுந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள், பக்கத்து வீட்டம்மா, அக்கா. டாக்டர் வெளியே வந்தார். விலா எலும்புகள் இரண்டு பக்கமும் நொறுங்கியிருக்கின்றன என்றார். தொண்டை நிறையப் பஞ்சாம்.

"அவர் மேல என்ன சரிஞ்சு விழுந்துச்சு?"

மகள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலை குனிந்தாள்.

"உயிர் போய் ரெண்டு நாளாச்சு," என்றார் டாக்டர். "யாருமே பார்க்கலையா?"

பக்கத்து வீட்டம்மா டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"ஜன்னல் வழியா தினமும் பார்த்தேனே, டாக்டர்... இன்னிக்குக் காலையில கூட நின்னுக்கிட்டுத்தானே இருந்தாரு..."